பி.ஏ. ஆங்கில இலக்கியம்: தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். "மேடம், பொண்ணு தமிழ் மீடியம். இங்கிலீஷ் லிட் சேர்த்தா தாக்குப்பிடிப்பாளா?" கேட்கிற குரலில் இருக்கும் தயக்கம் எனக்கு நன்றாகப் பழக்கம். நானும் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு அந்தப் பிரிவில் போய் உட்கார்ந்தவள்தான்.

தாக்குப்பிடிப்பாள். ஒன்றை மட்டும் விடாமல் செய்ய வேண்டும். கவிதையோ நாடகமோ நாவலோ, மூலத்தைத் தானே உட்கார்ந்து படிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்வேன். அவள் கொண்டுவரும் தமிழ் அந்த வகுப்பில் அவளுக்குப் பாரம் இல்லை, கைக்கருவி. எப்படி என்று கீழே காட்டுகிறேன்.

சேர்வதற்கு முன்

இது ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ் இல்லை. சேருகிறவர்களில் பலர் "மூன்று வருஷத்தில் சரளமாகப் பேச வந்துவிடும்" என்று நம்பி வருகிறார்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பதால் மட்டும் பேச வராது. பேச்சுக்குத் தனியாக உழைக்க வேண்டும். தினமும் கால் மணி நேரம் பாடப் புத்தகத்தையே வாய்விட்டுப் படித்தால் ஆறு மாதத்தில் நாக்கு பழகும், கூச்சமும் குறையும். கோர்ஸ் உங்களுக்குக் கற்றுத்தருவது வேறு. ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்து, அதில் என்ன நடக்கிறது, எந்தச் சொல்லால் நடக்கிறது என்று எடுத்துச் சொல்லும் திறமை.

எந்த குரூப் படித்தவரும் விண்ணப்பிக்கலாம். அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம். அதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பி.ஏ. ஆங்கிலத்துக்கான தரவரிசை மொத்த மதிப்பெண்ணை வைத்துத் தயாராவதில்லை, பிளஸ் டூ ஆங்கிலப் பாட மதிப்பெண்ணை வைத்தே தயாராகிறது. மொத்தத்தில் பின்தங்கியிருந்தாலும் ஆங்கிலத்தில் நல்ல மார்க் இருந்தால் துணிந்து விண்ணப்பியுங்கள். உதவிபெறும் கல்லூரிகளுக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். டெல்லி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் போக ஆசை என்றால் க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பள்ளியில் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டியிருக்கும் என்பதால், ரிசல்ட் வந்த பிறகு யோசித்தால் அந்த வருஷம் போய்விடும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி அலுவலகத்தில் முதல் மாதமே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இக்னோவும் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அஞ்சல் வழி என்றால் மட்டம் என்கிற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். இக்னோவின் ஆங்கிலப் பாடப் புத்தகங்கள் அவ்வளவு தெளிவாக எழுதப்பட்டவை. ரெகுலர் கல்லூரியில் படிக்கிறவர்களும் அவற்றை இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாக எடுத்துப் படிக்கிறார்கள்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் கிடைக்கும் இரண்டு மாதம்

சிலபஸ் எந்தக் கல்லூரியானாலும் சில பின்னணிகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றை லீவிலேயே தமிழில் படித்துவிடலாம். மில்டனின் பாரடைஸ் லாஸ்ட் என்ற காவியம் உங்களுக்கு நிச்சயம் எங்காவது வரும், அதிலும் பெரும்பாலும் ஒன்பதாம் காண்டம். அதற்கு அடிப்படை விவிலியத்தில் ஆதியாகமத்தின் முதல் மூன்று அதிகாரங்கள். தமிழில் அரை மணி நேர வாசிப்பு. ஆதாம், ஏவாள், பாம்பு, கனி என்று கதை தெரிந்துவிட்டால், மில்டன் அந்தச் சில வசனங்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகளாக எப்படி விரிக்கிறார் என்பதை ரசிக்க மனம் ஓய்வாக இருக்கும். கிரேக்கத் தெய்வக் கதைகளையும் ட்ராய் போர்க் கதையையும் இதேபோல முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சார்ட் அட்டை வாங்கி, படிக்கிற மேஜைக்கு மேலே ஒட்டி, சில ஆண்டுகளை மட்டும் எழுதுங்கள். 1066 நார்மன் படையெடுப்பு. 1476 இங்கிலாந்தில் காக்ஸ்டனின் அச்சகம். 1564 முதல் 1616 வரை ஷேக்ஸ்பியர். 1642 நாடக அரங்குகள் மூடப்பட்டது, 1660 முடியாட்சி திரும்பியது. 1789 பிரெஞ்சுப் புரட்சி. 1798 வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் வெளியிட்ட லிரிக்கல் பாலட்ஸ் கவிதைத் தொகுப்பு. 1837 முதல் 1901 வரை விக்டோரியா ராணியின் ஆட்சி. 1914 உலகப் போர். படிக்கிற ஒவ்வொரு நூலையும் இந்தக் கோட்டில் அதற்குரிய இடத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கள். மூன்றாம் ஆண்டில் அந்த அட்டையே உங்கள் இலக்கிய வரலாற்றுப் புத்தகமாக ஆகியிருக்கும்.

கவிதையை எப்படிப் படிப்பது

இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். இது பிடிபட்டால் மற்றது எல்லாம் பிடிபடும்.

வேர்ட்ஸ்வொர்த்தின் "எ ஸ்லம்பர் டிட் மை ஸ்பிரிட் சீல்" என்ற கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எட்டே அடி, நான்கு நான்காக இரண்டு பத்தி. 1800-இல் அச்சானது. ஏறக்குறைய எல்லாச் சொல்லும் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் பார்த்தவை. முதல் முறை வாய்விட்டுப் படியுங்கள். இரண்டாம் முறை வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

முதல் பத்தியில் வினைகள் எல்லாம் இறந்தகாலம். எனக்குப் பயம் இருக்கவில்லை, காலம் தொட முடியாத ஒரு பொருளாக அவள் தோன்றினாள் என்கிறார். இரண்டாம் பத்தியில் எல்லாம் நிகழ்காலம். அவளிடம் அசைவு இல்லை, அவள் கேட்பதில்லை, பார்ப்பதில்லை, பாறையோடும் கல்லோடும் மரத்தோடும் சேர்ந்து பூமியின் சுழற்சியில் உருள்கிறாள். அவள் செத்துப்போனாள் என்று கவிதையில் எங்குமே சொல்லவில்லை. சாவு நடந்தது இரண்டு பத்திக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில்.

இப்போது புறநானூற்றின் 112-ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். பாரி மகளிர் பாடியது, பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்" தந்தை இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. "இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்" குன்றும் போயிற்று, தந்தையும் இல்லை. ஐந்தே அடி. அங்கும் சாவு பாட்டுக்குள் நடப்பதில்லை, அற்றைக்கும் இற்றைக்கும் நடுவே நடந்து முடிந்துவிடுகிறது. அந்தப் பாட்டை உணர்ந்த உங்களுக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் வெற்றிடம் உடனே புரியும். தமிழ்ப் பாட்டில் நிலவு மாறாமல் இருக்க, பார்க்கிறவர்களின் நிலை மாறியிருக்கிறது. ஆங்கிலப் பாட்டில் பூமி மாறாமல் சுழல, அவள் மட்டும் ஒரு பொருளாகிவிட்டாள். ஒற்றுமையைக் கண்டதோடு நிறுத்தாமல் வேறுபாட்டையும் கேட்டுப் பார்க்கும்போது நீங்கள் விமர்சனம் எழுதத் தொடங்கிவிட்டீர்கள்.

மூன்றாம் முறை படிக்கும்போது ஒட்டாத சொல் எது என்று தேடுங்கள். எட்டடியிலும் சின்னச் சின்னச் சொற்கள்தான். கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் "டையர்னல்" என்று புத்தக வாடை அடிக்கும் ஒரு லத்தீன் சொல். தினசரி என்று பொருள். அவளுக்காக அழ வேண்டிய இடத்தில் வானவியல் பாடத்தின் சொல் ஏன் வந்தது? இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. உங்கள் விடையைக் கவிதையிலிருந்தே ஆதாரம் காட்டிச் சொல்ல முடிந்தால் போதும். அதே மாதிரி "திங்" (பொருள்) என்ற சொல்லையும் பாருங்கள். முதல் பத்தியில் அவளைப் புகழ்வதற்காக வந்த சொல், இரண்டாம் பத்தியில் உண்மையாகவே பலித்துவிட்டது. இதைக் கண்டுபிடித்த நாளில் நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். அன்றுதான் எனக்கு இந்தப் படிப்பு என்னுடையது என்று தோன்றியது.

யாப்பு வந்தால் பயந்துவிடாதீர்கள். அசை, சீர், அடி, தளை என்று அலகிட்டுப் பழகியவர்கள் நீங்கள். தமிழில் அசையைக் குறில், நெடில், ஒற்று தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அழுத்தம் தீர்மானிக்கிறது. அயாம்பிக் பென்டாமீட்டர் என்பது தளர்ந்த அசையும் அழுத்த அசையும் சேர்ந்த சீர் ஐந்து வருவது, அதாவது நம் கணக்கில் நெடிலடி. "ஷல் ஐ / கம்பேர் / தீ டு / எ சம் / மர்ஸ் டே". விரலால் மேஜையில் தட்டிக்கொண்டே சொல்லுங்கள், ஒவ்வொரு சீரின் இரண்டாம் அசையிலும் தட்டு விழும். ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளில் (பதினான்கு அடிக் கவிதைகள்) அநேகமாக எல்லாமே இந்த ஓட்டத்தில் போகும். அந்தத் தட்டு எங்கே பிசகுகிறதோ அங்கே கவிஞர் எதையோ சொல்ல வருகிறார் என்று கவனியுங்கள்.

ஷேக்ஸ்பியரும் நீ, நீங்களும்

"தௌ", "தீ", "தை" என்று வருவதைப் பழைய ஆங்கிலம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவார்கள். விஷயம் அதைவிடச் சுவையானது. அன்றைய ஆங்கிலத்தில் "தௌ" என்றால் நீ, "யூ" என்றால் நீங்கள். இன்றைய ஆங்கிலம் அந்த வேறுபாட்டை இழந்துவிட்டது. நமக்கு அது அன்றாடப் பேச்சு.

ஹாம்லெட் மூன்றாம் அங்கம் நான்காம் காட்சியைத் திறந்து பாருங்கள். தாய் கெர்ட்ரூட், உன் தந்தையை நீ மிகவும் புண்படுத்திவிட்டாய் என்று மகன் ஹாம்லெட்டிடம் "தௌ" போட்டுப் பேசுகிறாள். "தந்தை" என்று அவள் சொல்வது, தான் புதிதாக மணந்துகொண்ட கணவனை. ஹாம்லெட் திருப்பிச் சொல்வது: அம்மா, நீங்கள்தான் என் தந்தையை மிகவும் புண்படுத்திவிட்டீர்கள். அவன் சொல்லும் தந்தை செத்துப்போன அரசன். அவன் "யூ" என்கிறான். உடனே தாயும் அடுத்த வரியில் "யூ"வுக்கு மாறிவிடுகிறாள். ஒரு தாய் பெற்ற பிள்ளையிடம் கோபத்தில் "நீங்க பேசறது சரியில்ல" என்று சொன்னால் வீட்டில் என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியாதா? ஆங்கிலமே தாய்மொழியாக உள்ள மாணவருக்கு இதை அடிக்குறிப்பு போட்டு விளக்க வேண்டும். உங்களுக்குக் காதிலேயே விழும். நாடகம் முழுக்க "தௌ", "யூ" மாறுகிற இடங்களில் பென்சிலால் புள்ளி வையுங்கள், உறவுகள் எங்கெங்கே முறுக்கேறுகின்றன என்ற வரைபடம் கிடைத்துவிடும்.

உருவம் மாறாமல் பொருள் மட்டும் மாறிப்போன சொற்களில் கவனம் தேவை. "வேர்ஃபோர்" என்றால் எங்கே என்பதல்ல, ஏன். பால்கனியில் நிற்கும் ஜூலியட், ரோமியோ எங்கிருக்கிறான் என்று தேடவில்லை. நீ ஏன் ரோமியோவாகப் பிறந்தாய், எதிரிக் குடும்பத்துப் பெயர் உனக்கு ஏன் என்று கேட்கிறாள். "பிரசென்ட்லி" பெரும்பாலும் உடனே என்ற பொருளில் வரும். ஃபோல்ஜர் நூலகத்தின் தளத்தில் எல்லா நாடகங்களும் இலவசமாக இருக்கின்றன. லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் ஒலிவடிவம் கிடைக்கும். காதில் கேட்டுக்கொண்டே கண்ணால் வரியைத் தொடர்ந்தால் தனியாகப் படிப்பதைவிட வேகமாகப் பிடிபடும்.

நாவல்

தடிமனைப் பார்த்து ஒத்திப்போடுவதுதான் ஒரே பிரச்சினை. ஜேன் ஆஸ்டனின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் 1813-இல் வந்தது, 61 அத்தியாயம். நாளுக்கு மூன்று படித்தால் மூன்று வாரத்தில் முடியும். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைத் திறந்தால் பத்தாம் பக்கத்தில் சோர்ந்துவிடுவீர்கள். பக்கத்துக்கு இரண்டு சொல், அதற்கு மேல் பார்க்க வேண்டாம். மூன்று முறை கண்ணில் பட்டும் புரியாத சொல்லை மட்டும் எடுத்து எழுதுங்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் தமிழில் இரண்டு வரி எழுதிவையுங்கள்: என்ன நடந்தது, யார் மனம் மாறியது. தமிழில் எழுதச் சொல்வதைக் கேட்டு வகுப்பில் யாராவது முகம் சுளிக்கலாம். சிந்தனை முதலில் தெளிவாக வரட்டும், ஆங்கிலம் அதன் பின்னால் வரும்.

கைடு

கடைசி நேரத்தில் யாரும் கைடைத் தொடாமல் இருப்பதில்லை, நானும் தொட்டிருக்கிறேன். நான் படித்த கல்லூரியில் ஒரு நாவலை முழுவதும் கைடிலிருந்தே டிக்டேட் செய்து ஒரே வாரத்தில் முடித்துவிட்டார்கள். நாவலை நாங்கள் யாரும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. தேர்வில் பாஸ் ஆனோம். பிறகு எம்.ஏ. சேரப் போன இடத்தில், அந்த நாவலில் உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். தீம், பிளாட், கேரக்டர் என்று எனக்குத் தலைப்புகள் மட்டும்தான் தெரிந்திருந்தன. காட்சி ஒன்றுகூட நினைவில் இல்லை, ஏனென்றால் எந்தக் காட்சிக்குள்ளும் நான் போனதே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அதனால் வரிசை முக்கியம். முதலில் மூலம், பிறகு உங்கள் குறிப்பு, அதன் பிறகே வகுப்பு நோட்ஸும் கைடும். செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் சுருக்கத்துக்கும் இதேதான். உங்கள் கருத்து உருவான பிறகு படித்தால் அதில் எது சரி, எது சப்பை என்று உங்களுக்கே தெரியும். முன்னதாகவே படித்துவிட்டால் உங்கள் கருத்து பிறக்கவே பிறக்காது.

தேர்வுத் தாள்

பல பல்கலைக்கழகங்களில் இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பிரிப்பு மாறும். 75-க்கான தாள் பெரும்பாலும் இரண்டு மார்க் சிறுவினாக்கள், ஐந்து மார்க் பாராக்கள், பத்து மார்க் எஸ்ஸேக்கள் என்று இருக்கும். பாராவிலும் எஸ்ஸேயிலும் மார்க்கைத் தீர்மானிப்பது பக்க எண்ணிக்கை அல்ல. வேர்ட்ஸ்வொர்த் ஒரு இயற்கைக் கவிஞர், அவர் இன்ன ஆண்டில் பிறந்தார், அவருடைய மொழி எளிமையானது என்று எழுதினால் அது எந்தக் கவிதைக்கும் பொருந்தும். அதற்குப் பதிலாக இப்படித் தொடங்குங்கள்: இந்தக் கவிதை சாவைச் சொல்லாமல் வினைச்சொற்களின் காலமாற்றத்தால் காட்டுகிறது. இது உங்கள் கூற்று. அடுத்து ஆதாரம், முதல் பத்தியின் வினை ஒன்றும் இரண்டாம் பத்தியின் வினை ஒன்றும் மேற்கோளாக. அடுத்து, அந்த மாற்றம் படிக்கிறவர் மனதில் என்ன செய்கிறது என்ற விளக்கம். கூற்று, ஆதாரம், விளக்கம் என்று மூன்று பாரா எழுதினால் அது நல்ல எஸ்ஸே. வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். நீண்ட வாக்கியம் எழுதி எழுவாயும் வினையும் ஒட்டாமல் போவதுதான் தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் மார்க்கை இழக்கும் இடம். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எழுவாயைத் தொட்டு வினையைத் தொட்டுச் சரிபாருங்கள்.

ஆனட்டேஷன் (ஒரு வரியைக் கொடுத்து விளக்கச் சொல்லும்) கேள்விக்கு யார், யாரிடம், எப்போது சொன்னது என்பதோடு நின்றுவிடாமல், கொடுத்த வரியில் உள்ள ஒரு சொல்லைப் பற்றியாவது எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பில் வரும் நம் நூல்கள்

பாமாவின் கருக்கு 1992-இல் தமிழில் வந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பல ஆங்கிலத் துறைகளில் அது பாடமாக இருக்கிறது. உங்கள் சிலபஸில் இருந்தால் தயவுசெய்து தமிழ்ப் பிரதியையும் வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள். அந்த ஊர்ப் பேச்சு ஆங்கிலத்தில் என்னவாகிறது, மொழிபெயர்ப்பாளர் எங்கே விளக்கம் சேர்க்கிறார், எந்தச் சொல்லை அப்படியே விடுகிறார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். மூலத்தையும் படிக்கத் தெரிந்தவர் என்ற முறையில் அந்தப் பாடத்தில் நீங்கள் சொல்ல முடிவது வேறு மாநிலத்து மாணவருக்கு எட்டாது. மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்காமல் தவிக்கிறவர்களுக்கு அந்த நோட்டே தலைப்பைத் தரும். குறுந்தொகைப் பாடல்களை ஏ.கே. ராமானுஜன் மொழிபெயர்த்த விதத்திலும் இதேபோல ஆழம் பார்க்கலாம்.

புத்தகத்துக்குக் காசு

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க ஏற்றவை. இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் படி வந்துசேரும் நூலகங்களில் எழும்பூர் கன்னிமாராவும் ஒன்று. பழைய நூல்கள் அநேகமாக எல்லாம் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். கலைச்சொற்களுக்கு எம்.எச். ஏப்ரம்ஸின் சொல்லகராதி ஒன்று போதும், பழைய பதிப்பானாலும் பரவாயில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ் அகராதியையும் இணையத்தில் வைத்துப் பாருங்கள், நல்ல தமிழ் இணைச்சொற்கள் அதில் உண்டு.

பட்டத்துக்குப் பிறகு

பள்ளி ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு எடுக்க எம்.ஏ.வும் சேர்த்து. கல்லூரியில் பாடம் எடுக்க எம்.ஏ. முடித்து நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு). நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, மொத்தம் 300 மார்க், தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. மேலே சொன்ன சார்ட் அட்டை அந்த இரண்டாம் தாளுக்கு நேரடியாக உதவும். மொழிபெயர்ப்பு, பதிப்பகம், பத்திரிகை என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மொழியிலும் நன்றாக எழுதத் தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை இருந்துகொண்டே இருக்கிறது.

அட்மிஷனுக்காகக் காத்திருக்கும் நாளிலேயே ஒன்றைத் தொடங்கிவிடலாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் வேர்ட்ஸ்வொர்த்தின் அந்த எட்டடியையும் எதிர்ப்பக்கத்தில் பாரி மகளிரின் ஐந்தடியையும் உங்கள் கையால் எழுதுங்கள். இரண்டிலும் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள்.